வேலையின்மைக்குப் பத்து மதிப்பெண்

என்னை எல்லோரும் 'தமிழ் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் அரசு ஜூனியர் கல்லூரிகளில் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூடத் தமிழ்ப் பாடம் எடுத்ததில்லை. நான் எடுத்தது பொருளியல். நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழ் மீடியத்தில் இன்டர் படித்த பிள்ளைகளுக்கு, அதாவது பதினொன்றும் பன்னிரண்டும் படித்தவர்களுக்கு, தேவைக் கோடும் அளிப்புக் கோடும் போட்டுக் காட்டினவள். ஆனால் தெலுங்கு பேசும் சக ஆசிரியர்களுக்கு, தமிழில் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அது தமிழ்ப் பாடம்தான். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

போன மாதம் சரண்யா போன் செய்தாள். சத்தியவேட்டில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். விடைத்தாள்களை இனி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் திருத்தப் போகிறார்களாம். அந்தப் பேச்சு முடிந்ததும், "மேடம், வேலையின்மைப் பாடம் உங்க காலத்துல இன்னா மாதிரி இருந்துச்சு, எப்படி மாறிச்சுன்னு எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல மூணு பக்கம் வச்சிருக்கேன்" என்றாள். பாடம் மாறிய கதையை மூன்று பக்கத்தில் அடக்கலாம். ஆனால் அந்தப் பாடத்தை நினைத்தால் எனக்கு ஏழுமலை என்ற ஒருவர் ஞாபகம்தான் வருகிறது. அவரைச் சேர்த்துத்தான் எழுதுவேன். நீண்டுபோனால் அவள் வெட்டிக்கொள்ளட்டும்.

எம்.ஏ. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருப்பதியில் இரண்டு வருடம். விடுதி அறையில் நான்கு பேர், அதில் மூன்று பேர் எனக்குப் பிடிபடாத வேகத்தில் தெலுங்கு பேசினார்கள். அங்கே ஒரு பேராசிரியர் வேலையின்மைப் பாடத்தை எடுத்த விதம் மட்டும் மறக்கவில்லை. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'அவருக்கு முன்', வலப்பக்கம் 'அவருக்குப் பின்' என்று எழுதினார். அவர் என்றால் அந்த இங்கிலாந்துக்காரர். பெயர் படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்தக் கட்டுரைக்கு அது வேண்டியதில்லை.

அவருக்கு முன் சொன்னது இது: ஆள் அதிகம் இருந்தால் கூலி தானாக இறங்கும், இறங்கினால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும். அப்படியும் வேலை இல்லாதவன் என்றால் அவன் அதிகக் கூலி கேட்கிறவன். அவர் வந்து இதைப் புரட்டிப் போட்டார். முதலாளி கூலியைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை, சரக்கு விற்குமா என்று பார்த்துத்தான் எடுக்கிறான் என்றார். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம். எல்லோரும் ஒரே சமயத்தில் கையை இறுக்கிக்கொண்டால் எல்லோர் வருமானமும் சுருங்கும். அப்போது அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டும் என்றார். நாட்டு வருமானம், வரவு செலவுத் திட்டம் என்று பொருளியலில் பாதிப் புத்தகம் முளைத்ததே இதற்குப் பிறகுதான். வேலை இல்லாதவனைச் சோம்பேறி என்று ஏசுவதைப் பொருளியல்காரர்கள் நிறுத்திக்கொண்டதும் அவரால்தான், கொஞ்ச காலத்துக்காவது. எனக்கு அது பிடித்துப் போனது. மழை பொய்த்த வருடங்களில் ரோட்டோரம் குந்திக்கொண்டிருந்த ஆண்களை எங்கள் வீட்டில் நைனா உட்பட எல்லோரும் 'கொழுப்பெடுத்தவங்க' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

பிறகு எதிர்ப்பும் வந்தது. ஒரு கட்டத்தில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. இரண்டும் சேர்ந்து ஏறாது என்று நம்பியவர்கள் முழித்தார்கள். அரசாங்கம் பணத்தைக் கொட்டினால் விலைதான் ஏறும், வேலை ஏறாது என்று ஒரு கூட்டம் சொன்னது. மக்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து நடந்துகொள்வார்கள் என்று இன்னொரு கூட்டம். நம் நாட்டுக்காரர்கள் கேட்டது வேறு: இங்கே ஒருவர் செய்யும் வேலையை நிலத்தில் மூன்று பேர் செய்துகொண்டிருக்கிறார்கள், ஓட்டுவதற்கு இயந்திரமே இல்லை, இங்கே செலவை மட்டும் கூட்டி என்ன பயன்? இத்தனை சண்டையையும் எங்கள் பாடப்புத்தகம் ஆறு பாயிண்டாகச் சுருக்கி வைத்திருந்தது. விடைக்குறிப்பில் அந்த ஆறுக்கு முதலில் இரண்டு மதிப்பெண். சந்தையைத் திறந்துவிட்ட பிறகு மூன்று ஆயிற்று. வெளிநாட்டில் வங்கிகள் சரிந்த பிறகு மறுபடியும் இரண்டு. உலகத்தில் ஒரு சித்தாந்தம் எழுந்ததும் விழுந்ததும் எனக்கு ஒரு மதிப்பெண் வித்தியாசமாகத்தான் வந்து சேர்ந்தது.

வகுப்பில் நான் புத்தகத்தோடு நிற்கவில்லை. சித்தூர் ரோட்டில் மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைக்கிற ஆலைகள் உண்டு. ஊரில் ஜூஸ் ஃபேக்டரி என்பார்கள். அதைத்தான் உதாரணம் சொல்வேன். போன வருட டிரம் விற்காமல் ஷெட்டில் நிற்கும்போது, கூலியைப் பாதியாக்கிக்கொள்கிறேன் என்று நீ போய் நின்றாலும் உன்னை உள்ளே விடுவார்களா என்று கேட்பேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். இந்த உதாரணத்தை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் பின்னால் ஒருவர் தலையில் விடிந்தது.

மார்ச் கடைசியில் சித்தூரில் ஸ்பாட் கேம்ப் போடுவார்கள். மாவட்டத்து விடைத்தாள் எல்லாம் ஒரே இடத்துக்கு வரும், ஆசிரியர்களும் வந்து உட்கார்ந்து திருத்த வேண்டும். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு எண் மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். திருத்துகிறவருக்குச் சிவப்பு மை, மேலே பார்க்கிற தலைமைத் தேர்வாளருக்குப் பச்சை மை. தன் கல்லூரித் தாளைத் தானே திருத்தக் கூடாது.

ஒரு மேஜைக்கு ஆறு பேர். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தாளை நீட்டுவார்கள். வேடிக்கையான பதில் வந்தால் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மேஜையே குலுங்கும். நான் தமிழ் மீடியம் கட்டோடு ஜன்னல் ஓரத்தில் தனி மேஜையில் இருப்பேன். முன்பு குப்பம் ஊர்க் கல்லூரிக்காரர் ஒருவர் கூட இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு மாவட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பொருளியல் ஆசிரியர் நான் மட்டும்தான். அதனால் என் பிள்ளைகள் தாளும் என்னிடமே வந்தது. விதிக்கு விரோதம் என்று எல்லோருக்கும் தெரியும், வேறு வழி இல்லை என்றும் தெரியும், யாரும் அதைப் பேசவில்லை. என் கட்டிலும் சிரிப்பு வரும் பதில்கள் இருந்தன. தனியாகச் சிரித்தால் பைத்தியம் என்பார்களே என்று அடக்கிக்கொள்வேன். கல்யாணம் ஆகாமல் தனியாக இருந்தது வீட்டில் எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரிந்ததில்லை. அந்த ஹாலில், அத்தனை பேர் நடுவில்தான் தெரிந்தது.

தலைமைத் தேர்வாளர் நரசிம்முலு சார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் நிமிர்த்தி வைப்பார். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து, ஒரு காகிதத்தில் கோடு கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒருவரையும் அதட்டியதில்லை. ஒவ்வொரு கட்டிலும் சில தாள்களை எடுத்து அவர் மறுபடி பார்க்க வேண்டும். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஓரத்தில் இருக்கும் எண்களைப் பேனா நுனியால் தொட்டு எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை இருந்தால் விமர்சனம் சரி. வரைபடம் இருந்தால் அதற்கு உண்டானது சரி. அடிக்கோடு இருந்தால் தலையாட்டுவார். எண் இல்லாத பக்கம் வந்தால் நிமிர்ந்து பார்த்து, "பாயிண்ட்லு எக்கட மேடம்?" என்பார். பாயிண்ட் எங்கே என்று கேட்கிறார்.

கேலிக்காகச் சொல்லவில்லை. என் கட்டைத் திறந்து பார்த்த ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அவர் எண்ணுவதைப் பார்த்துப் பார்த்து நானும் மாறிப்போனேன். வகுப்பில் கோட்பாட்டைச் சொல்லி முடித்ததும், "எண் போடு, அடிக்கோடு போடு, படம் போடு" என்று ஒப்பிக்க வைத்தேன். என் பிள்ளைகள் தேறும் சதவீதம் ஏறியது. பாராட்டுக்கூடச் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு கேம்ப்பில் அந்தத் தாள் வந்தது. பத்து மதிப்பெண் கேள்வி: தேவையை அடிப்படையாகக் கொண்ட வேலையின்மைக் கோட்பாட்டை விளக்கி, அதன் மீதான விமர்சனங்களைக் கூறுக. பதிலில் ஒரு எண் இல்லை, அடிக்கோடு இல்லை, படம் இல்லை. ஒன்றரைப் பக்கம் ஒரே மூச்சாக ஓடியது. ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன்:

'ஜூஸ் ஃபேக்டரி வாசலில் நாற்பது பேர் போய் நின்றோம். பாதிக் கூலிக்கு வருகிறோம் என்று சொன்னோம். சும்மா செய்கிறேன் என்றாலும் வேண்டாம், டிரம் நிற்கிறது என்றார் மேஸ்திரி. ஆகவே கூலி குறைந்தால் வேலை வரும் என்று சொன்ன பழைய அறிஞர்கள் அந்த வாசலில் நின்றதில்லை. வாங்குபவர் இருந்தால்தான் வேலை என்று சொன்னவர் சரியாகச் சொன்னார். ஆனால் அரசு செலவு செய்தால் போதும் என்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் நூறு நாள் வேலையில் காசு வந்தது. அந்தக் காசில் நாங்கள் அரிசி வாங்கினோம், மாங்கூழ் வாங்கவில்லை. மாங்கூழ் வாங்குகிறவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அவன் கையை எங்கள் அரசாங்கம் எப்படித் திறக்கும்?'

இரண்டு தடவை படித்தேன். புத்தகத்தின் ஆறு பாயிண்டில் இரண்டு, புத்தகத்தைவிட நன்றாக அதில் இருந்தன. பக்கத்தில் யாராவது இருந்தால் தாளை நீட்டி, இதைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த நிமிடம் எனக்குள் ஒரு சந்தேகம் புகுந்தது. ஜூஸ் ஃபேக்டரி என் உதாரணம். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையைத் தவிர யார் எழுத முடியும்? எழுத்து வேறு உருண்டை உருண்டையாக, கோட்டீஸ்வரி எழுத்து மாதிரியே இருந்தது. சத்தியவேட்டில் என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் அவள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து படிப்பாள். அவள் வந்துபோகும் நேரத்துக்காக நான் இரண்டு டம்ளர் டீ போடுவேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் கடைசி ஒரு மாதம் வகுப்புக்கு வரவில்லை. சின்னக் கேள்விகளில் பாதி காலியாக இருந்ததற்கும் அதுவே காரணம் என்று எண்ணிக்கொண்டேன். நாற்பது பேர் போனோம் என்று எழுதியிருந்ததை, நான் சொன்ன உதாரணத்துக்குப் பெண் கைகால் வைத்துக் கதை கட்டியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பிரியமான பிள்ளை. அதனாலேயே, அவளுக்காகக் கூட்டிப் போட்டுவிடுவேனோ என்று பயம் வந்தது. இத்தனை சொல்லியும் எண் போடவில்லையே என்று கோபமும் வந்தது. விளக்கத்துக்கு மூன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். விமர்சனத்துக்கு இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்று. படம் இல்லை, வரையறை இல்லை, அதற்கு ஒன்றும் இல்லை. பத்துக்கு மூன்று. முதல் பக்கத்தில் கூட்டினால் முப்பத்து மூன்று வந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து.

இரண்டே மதிப்பெண். அது நியாயமாக வர வேண்டிய இரண்டு. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் போட்டால் என் பிள்ளைக்காகப் போட்டது ஆகும், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்துத் தாளை மூடினேன். நேர்மையாக நடந்துகொண்டேன் என்று அன்று மதியம் சாப்பாடுகூடக் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்று கோட்டீஸ்வரி இனிப்போடு வந்து நின்றாள். பொருளியலில் எழுபத்தொன்று. "மேடம், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவள் போன பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அது யாருடையது?

மே மாதம் ஒரு மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு அவரே வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் நடந்து வந்த முகம், கையில் விடைத்தாளின் ஜெராக்ஸ்.

"ஏழுமலைங்க மேடம். நகரி தாண்டி நம்மூரு. காலேஜிக்குப் போவாம பிரைவேட்டா எழுதினேன். ரெண்டு மார்க்ல பெயிலு. ஜெராக்ஸுக்குப் பணம் கட்டி வாங்கினேன். எங்க தப்புன்னு கேட்டா, தமிழ் மேடம் ஒருத்தருக்குத்தான் படிக்க வரும்னு உங்க வூட்ட காமிச்சாங்க."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். ஜெராக்ஸில் என் சிவப்பு மை கறுப்பாக விழுந்திருந்தது.

"ஜூஸ் ஃபேக்டரில வேல செஞ்சீங்களா?"

"ஒம்பது சீசன் மேடம். பழம் கழுவற எடத்துல. ரெண்டு சீசனா கூப்புடல."

"இந்த நாப்பது பேரு..."

"நான்தான் இட்டுக்கினு போனேன் மேடம். பாதிக் கூலின்னு சொல்லலாம்னு நான்தான் ஐடியா குடுத்தேன். மேஸ்திரி சிரிச்சிக்கினே அனுப்பிட்டாரு. பொஸ்தகத்துல இந்தப் பாடம் வந்தப்ப, அட, நம்ம கதய போட்டுக்கிறாங்களேன்னு இருந்துச்சு. அதான் அப்பிடியே எழுதிட்டேன்."

தடா பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். நிரந்தர வேலை, ஊர் வரைக்கும் பஸ் வரும். இன்டர் தேறியிருக்க வேண்டும், இருபத்தெட்டு வயது முடியக் கூடாது. "ஆகஸ்ட்டு வந்தா எனக்கு முடிஞ்சி பூடுது மேடம். அதுக்கு மேல எவன் எடுப்பான்?" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வாசலை நான் கண்டுபிடித்ததாக இத்தனை வருடம் நினைத்திருந்தேனே என்ற வெட்கம் என்னைச் சும்மா விடவில்லை. "இத திருத்தினது நான்தான்" என்றேன். "வேற ஒருத்தர் தாள்னு நெனச்சி ரெண்டு மார்க் கொறச்சிட்டேன்."

அவர் ஜெராக்ஸைக் கையில் எடுத்தார். பிறகு, "முழுசா படிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ படிச்சேன்."

"அப்ப சரி மேடம். படிக்காமயே போட்டுட்டாங்களோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'அப்ப சரி'யைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தூர் போனேன்.

நரசிம்முலு சார் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கடிகாரம் அவர் முன்னால் மேஜையில் இருந்தது. மறுபரிசீலனையில் கூட்டல் சரியா, ஏதாவது விடுபட்டதா என்றுதான் பார்ப்பார்கள், போட்ட மதிப்பெண்ணை மாற்ற மாட்டார்கள் என்றார். நான் தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"எழுதிக் குடுங்க. என் கிளாஸ் பொண்ணு தாள்னு நெனச்சேன்னு எழுதுவீங்க. உன் காலேஜ் தாள நீ ஏன் திருத்தினேன்னு கேப்பாங்க. தமிழ் கட்டு மொத்தம் நிறுத்துவாங்க. உங்க பசங்க அத்தன பேரு ரிசல்ட்டும் நிக்கும். திருப்பித் திருத்த யாரு இருக்காங்க? நீங்கதான். ஆலோசிஞ்சண்டி மேடம்." யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்காகக் காபி வாங்கிவர எழுந்தார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அத்தனை பிள்ளைகள் நலன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏழுமலை மறுபடி வந்தபோது, வழி இல்லை, சப்ளிமென்டரி எழுதுங்கள் என்றேன். மாதக் கடைசியில் பரீட்சை, ஜூனில் ரிசல்ட், ஆகஸ்ட்டுக்கு முன் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். இந்த முறை தவறவே கூடாது. அதனால் நான் என்ன சொல்லிக் கொடுக்கப் பழகியிருந்தேனோ அதையே சொன்னேன். முதலில் வரையறை. அப்புறம் படம், ஸ்கேல் வைத்து. அப்புறம் ஒன்று முதல் ஆறு வரை, ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு. அவர் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார்.

"ஃபேக்டரி வாசல எடுத்துடுங்க" என்றேன்.

"நெஜமா நடந்தத எழுதக் கூடாதா மேடம்?"

"எழுதலாம். மார்க் வராது."

"சரி மேடம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவைச் சொல்லாமல் இழுக்க எனக்கு இஷ்டமில்லை. அவர் தேறிவிட்டார். ஜூலையில் தடாவில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். 'கம்பெனி பஸ்ல போய்க்கினு கீறேன் மேடம்' என்று ஒரு நாள் செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. ஆக, என் தவறு அவருக்கு ஒரு கோடைகாலத்தைத்தான் பறித்தது என்று யாராவது எனக்கு ஆறுதல் சொல்லலாம். சப்ளிமென்டரி கேம்ப்பில் நடந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்த வருடம் அது திருப்பதியில் நடந்தது. தமிழ்த் தாள் ஐந்தே ஐந்து. மூன்றாவது தாளின் எழுத்தை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் திருத்தினேன். சின்னக் கேள்விகள் எல்லாம் நிரம்பியிருந்தன. பெரிய கேள்வியும் அதேதான் வந்திருந்தது. வரையறை இருந்தது. படம் நேர்கோட்டில் இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை, நான் சொன்ன சொல் மாறாமல், அடிக்கோட்டோடு இருந்தன. குறுகிய காலத்துக்கே பொருந்தும். அளிப்பைக் கவனிக்கவில்லை. வளரும் நாடுகளுக்குப் பொருந்தாது. எந்த ஊரில் யார் எழுதினாலும் இப்படித்தான் இருக்கும். குறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆறாவது பாயிண்டுக்குக் கீழே நான்கைந்து வரி எழுதி, ஒவ்வொரு வரியையும் அடித்திருந்தார். மாணவன் அடித்துவிட்ட பகுதியை மதிப்பிடக் கூடாது என்பது விதி. படிக்கக் கூடாது என்று விதி இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

'இந்த வருடம் டிரம் எல்லாம் கப்பல் ஏறிவிட்டது. ஆர்டர் வந்துவிட்டது. ஆனால் பழம் கழுவ இயந்திரம் வந்திருக்கிறது. நாற்பது பேரில் ஆறு பேரைத்தான் கூப்பிட்டார்கள். தேவை திரும்பி வந்தது, வேலை திரும்பி வரவில்லை. இதற்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.'

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்தப் பாடத்தைப் படித்தும் எடுத்தும், அந்த ஆலையையே ஒவ்வொரு வருடமும் உதாரணம் காட்டியும், இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஹால் முழுக்கப் பொருளியல் ஆசிரியர்கள். ஒரு மேஜையில் யாரோ எதையோ படித்துக் காட்ட, ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் இந்த வரிகளை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பத்துக்குப் பத்து போட்டு, அடுத்த தாளை எடுத்தேன்.